விடிய விடிய எடுத்த கூத்து வீடியோ: எடிட்டுக்கு முன் இடைநிலை கோடெக்குக்கு மாற்ற வேண்டுமா?

ஆற்காடு_பாலாறு கேட்டது:

ஆற்காடு பக்கம் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக் கூத்தைத் தொகுக்கும் வேலை கையில் இருக்கிறது. மூன்று வகைக் கோப்புகள் உள்ளன.

ஏவிசிஎச்டி கேமராவில் இரவு முழுக்க எடுத்தது 7 மணி நேரம். 1080ஐ, 50 ஃபீல்டு (இன்டர்லேஸ்: ஒரு ஃபிரேமின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் தனித்தனி ஃபீல்டாக), 17 எம்பிபிஎஸ். எம்டிஎஸ் கோப்புகள் 2 ஜிபி, 2 ஜிபியாகத் துண்டுபட்டுக் கிடக்கின்றன. அடுத்தது, படுகளத்தன்று காலையில் போனில் எடுத்த 2 மணி நேரம், எச்.265, 1080பி. கடைசியாக, 2004இல் இதே கோயிலில் எடுத்த மினிடிவி டேப் நான்கு, தலைக்கு 60 நிமிடம்.

முழு இரவையும் வெட்டாமல் யூடியூபில் ஏற்ற வேண்டும். அது போக, டேப் காட்சிகளையும் சேர்த்துக் கலர் சரிசெய்து ஒன்றரை மணி நேரத் தொகுப்பு ஒன்று வேண்டும். அது கோயில் டிவியில் பென் டிரைவிலிருந்து ஓட வேண்டும்.

ஐ5 லேப்டாப், 8 ஜிபி ரேம், உபுண்டு, கேடிஎன்லைவ் எடிட்டர். எம்டிஎஸ் கோப்பை டைம்லைனில் போட்டாலே திக்கித் திக்கி ஓடுகிறது. எல்லாவற்றையும் எடிட்டுக்கென்றே உள்ள புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற இடைநிலை கோடெக் ஒன்றுக்கு மாற்றிவிட்டு வேலை செய்யச் சொல்கிறார்கள். மாற்றினால் தரம் கூடுமா, குறையுமா? 1 டிபி டிஸ்க் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

காட்பாடி_ஜங்ஷன் பதில்:

தரம் கூடாது. நல்ல இடைநிலை கோடெக்கில் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையவும் குறையாது. அதனால் தரத்துக்காக மாற்றாதீர்கள். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பத் திறக்கப் போகிறீர்களா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

எம்டிஎஸ் திக்குவதற்குக் காரணம் எச்.264 அடுக்கப்பட்டிருக்கும் விதம். அரை நொடிக்கு ஒரு ஃபிரேம்தான் முழுப் படமாக இருக்கும். நடுவில் உள்ளவை முன் பின் ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். நீங்கள் டைம்லைனில் ஓர் இடத்தைத் தொட்டதும் மென்பொருள் முந்தைய முழு ஃபிரேம்வரை பின்னால் போய், அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு வர வேண்டும். பின்னோக்கி ஓட்டினால் இன்னும் பாரம். புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர், சினிஃபார்ம் மூன்றிலும் ஒவ்வொரு ஃபிரேமும் தனியாக நிற்கும். எங்கே தொட்டாலும் அந்த ஃபிரேமை மட்டும் பிரித்தால் போதும். பதிலுக்கு டிஸ்க் இடம் தின்னும்.

இதை வைத்து உங்கள் இரண்டு வேலைகளையும் பிரித்துப் பாருங்கள்.

முழு இரவு வீடியோவுக்கு இடைநிலை வேண்டாம். அங்கே எடிட் எதுவும் இல்லை. ஒருமுறை திறந்து ஒருமுறை எழுதப் போகிறீர்கள். நடுவில் ஒரு புரோரெஸ் பிரதி போட்டால் 500 ஜிபிக்கு மேல் இடமும் ஒரு பகல் நேரமும் வீண். முடிவுக் கோப்பு துளிகூட மேம்படாது. எம்டிஎஸ் துண்டுகள் ஒரே தொடர் பதிவின் பகுதிகள் என்பதால், பெயர் வரிசைப்படி கேட் (cat) கட்டளையில் அப்படியே பைட்டுக்குப் பைட் ஒட்டலாம். தனித்தனியாக எம்பி4 ஆக்கிப் பிறகு ஒட்டினால் துண்டு சேரும் இடங்களில் ஒலி ஒரு கணம் அறுபடும், மத்தளக்காரர் தாளம் தப்பியதுபோல் கேட்கும். ஒட்டிய கோப்பு சுமார் 53 ஜிபி வரும். அதை எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைக் கருவியில் ஒரே ஓட்டமாக டீஇன்டர்லேஸ் செய்து (ஃபீல்டுகளை முழு ஃபிரேமாக்கி) 50பி (நொடிக்கு 50 முழு ஃபிரேம்) ஆக்கி, எக்ஸ்264 என்கோடரில் சிஆர்எஃப் (தர அளவு) 18இல் எழுதி ஏற்றுங்கள். யூடியூப் 12 மணி நேரம் அல்லது 256 ஜிபி வரை ஒரு கோப்பை ஏற்கும். கணக்கைச் சரிபார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் 15 நிமிடத்துக்கு மேல் விடாது. இன்டர்லேஸ் கோப்பை அப்படியே ஏற்றாதீர்கள். பாதி அசைவை அது தூக்கி எறிந்துவிடும், ஆட்டம் வெட்டி வெட்டித் தெரியும்.

தொகுப்புக்கு இடைநிலை வேண்டும். ஆனால் 7 மணி நேரத்துக்கும் அல்ல. முதலில் விஎல்சியில் ஓட்டிப் பார்த்து, வேண்டிய பகுதிகளின் நேரத்தைத் தாளில் குறியுங்கள். ஒன்றரை மணி நேரத் தொகுப்புக்கு 3 மணி நேரக் காட்சி எடுத்தால் தாராளம். மறு என்கோடு இல்லாமல், இரு முனையிலும் 2 நொடி கூடுதலாக விட்டு வெட்டுங்கள். இந்த வகை வெட்டு முழு ஃபிரேம் இருக்கும் இடத்தில்தான் விழும், அதற்காகத்தான் அந்த 2 நொடி. பிறகு வெட்டியதை மட்டும் மாற்றுங்கள்.

அளவுக் கணக்கு: 1080பி 50க்கு புரோரெஸ் எல்டி 170 எம்பிபிஎஸ், மணிக்கு 76 ஜிபி. புரோரெஸ் 422 என்றால் 245 எம்பிபிஎஸ், மணிக்கு 110. எச்கியூ 367 எம்பிபிஎஸ், மணிக்கு 165. உங்கள் மூலம் 17 எம்பிபிஎஸ், 8 பிட், 4:2:0 (நிறத் தகவல் நான்கு பிக்சலுக்கு ஒன்று). அதற்கு எல்டியே தேவைக்கு மேல். எச்கியூ போட்டால் கேமராவின் பிக்சல் திட்டுகளை இன்னும் பத்திரமாகச் சேமித்து வைத்ததாகத்தான் ஆகும். 3 மணி நேரம் எல்டியில் 230 ஜிபி. 1 டிபி டிஸ்க் தாராளமாகப் போதும்.

எஃப்எஃப்எம்பெக்கில் புரோரெஸ் கேஎஸ் என்கோடரில் புரொஃபைல் எண் 0 பிராக்ஸி, 1 எல்டி, 2 சாதா 422, 3 எச்கியூ. கட்டளை அடிக்கப் பிடிக்காதவர்களுக்கு ஷட்டர் என்கோடர் இலவசம், உபுண்டுவிலும் ஓடும், எல்லாம் பட்டனில் இருக்கிறது.

---

கோட்டை_அகழி பதில்:

காட்பாடி அண்ணா சொன்னது சரிதான். ஒரு மாற்று வழியும் இருக்குது. கேடிஎன்லைவ்ல பிராக்ஸின்னு ஒன்னு இருக்கே, அதை ஆன் பண்ணிட்டு மூலக் கோப்பையே வச்சு எடிட் பண்ணலாமே? பாதி அளவுல சின்னக் கோப்பு அதுவே போட்டுக்கும். எடிட் முடிஞ்சு ரெண்டர் பண்ணும்போது ஒரிஜினலுக்கே போயிடும். டிஸ்க்கும் மிச்சம், நடுவுல ஒரு தலைமுறை இழப்பும் இல்லை.

கவனிக்க வேண்டியது ஒன்னு. பிராக்ஸியை ஓட்டி கலர், ஷார்ப்னெஸ் முடிவு எடுக்கக் கூடாது. அதுக்கு மட்டும் பிராக்ஸியை அணைச்சிட்டுப் பாருங்க.

---

காட்பாடி_ஜங்ஷன் பதில்:

@கோட்டை_அகழி, மூலம் முழு ஃபிரேமாகவும் வேகம் நிலையாகவும் இருந்தால் நானும் பிராக்ஸியைத்தான் சொல்வேன். இவரிடம் இருக்கிற மூன்றில் ஒன்றுகூட அப்படி இல்லை. ஏவிசிஎச்டி இன்டர்லேஸ், டேப் இன்டர்லேஸ், போனில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும். பிராக்ஸியில் சரியாக வெட்டினாலும், ரெண்டரின்போது எடிட்டர் தன் இஷ்டத்துக்கு டீஇன்டர்லேஸ் செய்யும், பெரும்பாலும் 25பிக்கு. போன் கோப்பில் வெட்டு இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளி விழும்.

இடைநிலைக்கு மாற்றும்போது இந்தச் சிக்கல்களை ஒரே தடவையில், நாம் தேர்ந்த முறையில் தீர்த்துவிடலாம். இவர் விஷயத்தில் வேகத்தைவிட எனக்கு அதுதான் பெரிய காரணம்.

ஏவிசிஎச்டி மாற்றும்போது வரிசை முக்கியம். முதலில் டீஇன்டர்லேஸ், அதற்குப் பிறகே 4:2:2 (நிறம் இரண்டு பிக்சலுக்கு ஒன்று), 10 பிட். மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? இன்டர்லேஸ் 4:2:0இல் நிறத் தகவல் இரண்டு ஃபீல்டுகளுக்கும் தனித்தனியாக இருக்கும். அதை முழு ஃபிரேமாக நினைத்து 4:2:2 ஆக்கினால் இரு ஃபீல்டுகளின் நிறமும் கலந்துவிடும். சிவப்பின் ஓரமெல்லாம் ரம்பப் பல்போல் வரும். கூத்தில் சிவப்பு அரிதாரமும் கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கீர்த்தியும் கிரீடமும்தான் படத்தின் உயிர், கெடுவதும் முதலில் அங்கேதான். கெட்ட பிறகு எந்த வடிகட்டியாலும் மீட்க முடியாது.

டீஇன்டர்லேஸுக்கு எஃப்எஃப்எம்பெக்கின் பி.டபிள்யூ.டி.ஐ.எஃப் போதும், பழைய யாடிஃபைவிட ஓரங்கள் சுத்தமாக வரும். ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம் என்ற முறையில் வையுங்கள், 50பி கிடைக்கும். ஏவிசிஎச்டியில் மேல் ஃபீல்டு முதலில், மினிடிவி டேப்பில் கீழ் ஃபீல்டு முதலில். இது தலைகீழாகப் போனால் நடிகர் சுழன்றாடும்போது படம் முன்னும் பின்னும் உதறும். கோப்பு விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் திறந்து ஸ்கேன் வரிசையை (எந்த ஃபீல்டு முதலில் என்பதை) ஒவ்வொரு கோப்புக்கும் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

இரைச்சல் நீக்கம், ஷார்ப்னெஸ், கலர் எதையும் இந்தக் கட்டத்தில் சேர்க்காதீர்கள். இரவுக் காட்சியில் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். அதைக் கடைசி எச்.264 எழுதும்போது மெலிதாகத் தட்டினால் போதும். இங்கே நீக்கிவிட்டால், முகத்தில் எழுதிய கோடுகள் வழுவழுப்பாகிப் போச்சே என்று பின்னால் தோன்றும்போது மறுபடி மூலத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மினிடிவிக்கு இடைநிலையே வேண்டாம். மினிடிவியின் கோடெக்கில் ஏற்கெனவே ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கிறது. 25 எம்பிபிஎஸ், மணிக்கு 13 ஜிபி, எந்த லேப்டாப்பிலும் ஓடும். ஆனால் டேப்பிலிருந்து எடுக்கும்போது கட்டாயம் ஃபயர்வயர் வழியாக எடுங்கள். மஞ்சள்-சிவப்பு-வெள்ளைக் கம்பியை யூஎஸ்பி கேப்சர் குச்சியில் செருகினால் டிஜிட்டல் டேப்பை அனலாக் ஆக்கி மறுபடி டிஜிட்டல் ஆக்குகிறீர்கள். அங்கே போகிற தரம் பெரிது, அதற்குப் பின் எந்தக் கோடெக் போட்டும் பயனில்லை. ஃபயர்வயரில் வருவது டேப்பில் உள்ள அதே எண்கள்.

தொகுப்பில் சேர்க்கப் போகும் டேப் துண்டுகளை மட்டும் 50பி ஆக்கி, 4:3 விகிதம் மாறாமல் 1440 × 1080க்குப் பெரிதாக்கி, இரு பக்கமும் கறுப்பு விடுங்கள். 16:9க்கு இழுத்து நிரப்ப வேண்டாம். ஆட்கள் குள்ளமாகிப் போவார்கள். பெரிதாக்கும்போதே நிற அணியை எஸ்டியின் 601இலிருந்து எச்டியின் 709க்கு மாற்றச் சொல்ல வேண்டும், தானாக நடக்கும் என்று நம்ப வேண்டாம். மறந்தால் டேப் காட்சிகளின் சிவப்பும் பச்சையும் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கும்.

---

சத்துவாச்சாரி பதில்:

போன் கோப்பும் ஒலியும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போன், வெளிச்சத்தைப் பொறுத்து ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். 30 என்று எழுதியிருந்தாலும் 24க்கும் 30க்கும் நடுவில் அலையும். மீடியாஇன்ஃபோவில் ஃபிரேம் வேக முறை ‘வேரியபிள்’ என்று காட்டும். இதை நேராக டைம்லைனில் போட்டால் தொடக்கத்தில் வாயசைவு சரியாக இருந்து, போகப் போக ஒலி விலகும். மாற்றும்போது நிலையான வேகத்தைக் கட்டாயப்படுத்துங்கள்.

எந்த வேகத்துக்கு? உங்கள் டைம்லைன் 50பி ஆக இருக்கட்டும். 30ஐ 50 ஆக்கினால் 3 ஃபிரேம் 5 ஆக விரியும், சில ஃபிரேம் இரட்டிக்கும், அசைவு ஓரளவு சீராகவே தெரியும். 30ஐ 25 ஆக்கினால் ஆறில் ஒரு ஃபிரேம் காணாமல் போகும், கேமரா பக்கவாட்டில் திரும்பும்போதெல்லாம் குதிக்கும். இடைப்பட்ட ஃபிரேம்களைக் கணித்து உருவாக்கும் வடிகட்டி இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். கை, கால், புடவை என்று எல்லாம் வேகமாக ஆடும் காட்சியில் விரல்கள் கூழாகிவிடும்.

போன் எச்டிஆரில் எடுத்ததா என்றும் பாருங்கள். எச்.265, 10 பிட், எச்எல்ஜி என்று இருந்தால் சாதாரண 709க்கு டோன் மேப் செய்தே (எச்டிஆரின் ஒளி வீச்சைச் சாதாரண வீச்சுக்குள் சுருக்கியே) கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் வெளுத்துத் தெரியும், எவ்வளவு கலர் திருத்தினாலும் சரிவராது. சில போன்கள் ஒளி எல்லையை 0 முதல் 255 வரை முழுதாக எழுதும். கேமராவில் 16 முதல் 235 வரைதான். மாற்றிய பின் ஒரு கறுப்புத் தலைமுடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூலத்தில் தெரிந்த இழைகள் கறுப்புத் திட்டாகிவிட்டால் எல்லை தவறாகப் போயிருக்கிறது.

ஒலி: எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் பிசிஎம் (சுருக்காத ஒலி) ஆக்குங்கள். ஸ்டீரியோவுக்கு மணிக்கு 0.7 ஜிபிதான், கஞ்சத்தனம் வேண்டாம். முகவீணை கீச்சென்று மேல் சுருதியில் நிற்கும் வாத்தியம். ஏஏசியிலும் எம்பி3யிலும் குறைந்த பிட் வேகத்தில் முதலில் நசுங்குவது அதுவும் தாளமும்தான். பழைய டேப்களில் ஒலி 32 கிலோஹெர்ட்ஸ், 12 பிட்டாக இருக்கலாம். அதையும் 48க்கு மாற்றியே டைம்லைனில் சேர்க்க வேண்டும்.

டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பை உபுண்டுவில் போட நினைப்பவர்களுக்கு: லினக்ஸில் அந்தப் பதிப்பு எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது, ஏஏசி ஒலியும் வராது. அங்கே இடைநிலை கட்டாயம், டிஎன்எக்ஸ்எச்ஆரும் பிசிஎம்மும் போடுங்கள். டிஎன்எக்ஸ்எச்டி, டிஎன்எக்ஸ்எச்ஆர் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எச்டி குறிப்பிட்ட அளவு, வேகம், பிட் வேகச் சேர்க்கைகளை மட்டும் ஏற்கும். ஒன்று பிசகினாலும் என்கோடர் பிழை சொல்லி நிற்கும். எச்ஆருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதில் எச்கியூ 8 பிட், 10 பிட்டுக்கு எச்கியூஎக்ஸ்.

---

ஆற்காடு_பாலாறு பதில்:

மூவருக்கும் நன்றி. எம்டிஎஸ் துண்டுகளை ஒட்டி, வேண்டிய இடங்களை வெட்டி, ஒரு 5 நிமிடத் துண்டை எல்டியாக்கிக் கேடிஎன்லைவில் போட்டேன். இப்போது இழுக்கிற இடத்தில் படம் நிற்கிறது. சிவப்பு ஓரமும் சுத்தம்.

இரண்டு சந்தேகம். ஒன்று, இங்கே பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கிறார்கள், லேப்டாப் பேட்டரியும் வீக். நடுவில் அணைந்தால் அதுவரை எழுதிய கோப்பு தேறுமா? இரண்டு, அந்த 5 நிமிட மாதிரியை எஃப்எஃப்எம்பெக்கில் எச்.264 எம்பி4 ஆக்கினேன். லேப்டாப்பில் ஓடுகிறது. கோயில் டிவியில் ஒலி மட்டும் வருகிறது, ‘ஆதரிக்கப்படாத வீடியோ’ என்கிறது.

---

காட்பாடி_ஜங்ஷன் பதில்:

மின்தடை: எம்ஓவி, எம்பி4 இரண்டிலும் கோப்பின் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் அணைந்தால் 60 ஜிபி எழுதியிருந்தாலும் திறக்காது. எம்கேவி அப்படி இல்லை, அணைந்த இடம்வரை ஓடும். கேடிஎன்லைவ் புரோரெஸ் உள்ள எம்கேவியைத் திறக்கும் என்பதால் உங்களுக்கு அதுவே போதும். வெட்டிய துண்டுகளைத் தனித்தனிக் கோப்பாகவே மாற்றுங்கள், அணைந்தால் ஒரு துண்டுதான் போகும். வெளி டிஸ்க்கை யூஎஸ்பி 3 துளையில் செருகுங்கள். இரண்டு எல்டி ஓட்டம் ஒன்றாக ஓடினால் நொடிக்கு 42 எம்பி வேண்டும், யூஎஸ்பி 2 தாங்காது. டிஸ்க் எஃப்ஏடி32 ஆக இருந்தால் 4 ஜிபியில் எழுதுவது நின்றுவிடும். இஎக்ஸ்டி4 அல்லது எக்ஸ்ஃபேட் ஆக்கிக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கோடையில் மணிக்கணக்கில் என்கோடு ஓடினால் லேப்டாப் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரவில் ஓட விடுங்கள், அடியில் காற்றுப் போக இடம் இருக்கட்டும்.

டிவி: இடைநிலையிலிருந்து எச்.264 எழுதும்போது அடிக்கடி நடப்பது இது. உங்கள் புரோரெஸ் 4:2:2, 10 பிட். பிக்சல் வடிவத்தை நீங்கள் சொல்லாவிட்டால் எக்ஸ்264 அதையே பின்பற்றி 10 பிட் 4:2:2 எச்.264 எழுதிவிடும். கணினி அதை மென்பொருளால் பிரித்துக் காட்டும். டிவியிலும் போனிலும் உள்ள சிப் எச்.264இல் பெரும்பாலும் 8 பிட் 4:2:0 மட்டுமே அறியும். பிக்சல் வடிவம் ஒய்யூவி420பி என்று கட்டளையில் சேருங்கள். மீடியாஇன்ஃபோவில் ‘ஹை 4:2:2’ போய் ‘ஹை’ மட்டும் நின்றால் சரி.

அதற்கு மேலும் ஓடவில்லை என்றால் லெவல்தான் (டிவி சிப் தாங்கும் அளவு, வேக வரம்பு) காரணம். 1080பி 50க்கு லெவல் 4.2 வேண்டும், பழைய டிவிகள் பல 4.1இல் நின்றுவிடும். அப்போது 1080பி 25க்கு இறங்காதீர்கள், 720பி 50 எழுதுங்கள். அதற்கு லெவல் 3.2 போதும். கூத்துக்குத் துல்லியத்தைவிட அசைவு முக்கியம். அடவு வெட்டி வெட்டித் தெரிந்தால் ஊர்க்காரர்களுக்கு உடனே உறுத்தும், 720 என்பதை டிவிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கவனிக்கவே மாட்டார்கள்.

---

கோட்டை_அகழி பதில்:

பென் டிரைவ் கணக்கையும் இப்பவே போட்டுடுங்க. ஒன்றரை மணி நேரம் 10 எம்பிபிஎஸ்னா 6.75 ஜிபி வரும். பழைய டிவி எஃப்ஏடி32 மட்டும் படிக்கும்னா ஒரே கோப்பா ஏறாது. 4 ஜிபிக்குள்ள அடக்கணும்னு 5.5 எம்பிபிஎஸுக்கு இறக்குனா இரவுக் காட்சி இரைச்சலோட சேர்ந்து கட்டம் கட்டமா ஆயிடும். 45 நிமிஷம் வீதம் ரெண்டு கோப்பா எழுதுங்க, ஒன்னு 3.4 ஜிபிதான் வரும். தபசு மரம் ஏறுற காட்சி நடுவுல அறுபடாம, அதுக்கு முன்னாடியே பிரிச்சிடுங்க.